ஒரு டன் கார்பன், ஒரே ஒரு வரவு

ஒரு நாட்டில் குறைந்த உமிழ்வை மற்றொரு நாடு விலைக்கு வாங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள, 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் தன் 6ஆம் பிரிவில் இடம் தந்தது. அந்த வழியில் முதலில் இறங்கிய நாடு சுவிட்சர்லாந்து. 2020 அக்டோபர் 20 அன்று பெருவுடன் அது செய்துகொண்ட உடன்படிக்கையே இவ்வகையில் உலகின் முதலாவது. அடுத்த மாதமே கானா சேர்ந்தது. பின்னர் செனகல், ஜார்ஜியா, வனுவாட்டு, தாய்லாந்து, உக்ரைன், மொராக்கோ, சிலி, கென்யா எனப் பட்டியல் நீண்டது. கையெழுத்திடுவது இதில் எளிய பகுதி. விற்கப்பட்ட டன் உண்மையிலேயே குறைந்ததா, குறைந்தது ஒரே ஒரு நாட்டின் கணக்கில்தான் ஏறியதா என்று கடைசிவரை பின்தொடர்வதே கடினம். இந்த ஒத்துழைப்பின் மதிப்பு முழுவதும் அந்தக் கண்காணிப்பைத்தான் சார்ந்திருக்கிறது.

ஏன் வாங்குகிறது?

1990ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட்டால் 2030க்குள் உமிழ்வைப் பாதியாக்க வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தின் இலக்கு. அந்நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே நீர்மின் நிலையங்களிலிருந்தும் அணுமின் நிலையங்களிலிருந்தும் வருகிறது. எனவே, நிலக்கரி நிலையங்களை மூடி ஒரே வீச்சில் உமிழ்வைக் குறைக்கும் வாய்ப்பு அங்கே இல்லை. எஞ்சியிருப்பவை வாகனங்கள், வீடுகளைச் சூடேற்றும் எண்ணெய்க் கொதிகலன்கள், ஆலைகள், பண்ணைகள். இவற்றை மாற்றச் செலவும் காலமும் கூடுதலாகத் தேவை. இலக்கின் ஒரு பகுதியை வெளிநாட்டில் நிறைவேற்றும் யோசனை இங்கிருந்தே பிறந்தது.

இதற்கான பணம் பெரும்பாலும் அரசுக் கருவூலத்திலிருந்து வருவதில்லை. பெட்ரோல், டீசல் இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் தாங்கள் விற்கும் எரிபொருளால் உண்டாகும் உமிழ்வில் ஒரு பங்கை ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். அக்கடமையை அவற்றின் சார்பில் நிறைவேற்றுவது, 2012இல் எண்ணெய்த் துறையினர் ஏற்படுத்திய ‘கிளிக்’ அறக்கட்டளை. இதன் செலவு வாகன ஓட்டியின் தலையில் விழுந்தாலும் லிட்டருக்கு 5 ராப்பனுக்கு (ஒரு பிராங்கு 100 ராப்பன்) மேல் போகக் கூடாது என வரம்பு உண்டு. எரிபொருள் விலை அங்கே அரசியல் நெருப்பு. 2021 ஜூன் 13 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், கடுமையாக்கப்பட்ட கார்பன் சட்டத்தை 51.6 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். உள்நாட்டில் விலையேற்றத்துக்கு எதிர்ப்பு இருக்கும்போது வெளிநாட்டில் வாங்குவது அரசுக்கு வசதியான வழி என்பதை மறைக்க வேண்டியதில்லை. வசதியான வழி என்பதாலேயே அதன் கணக்கு இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்கப்பட வேண்டும்.

பழைய சந்தையும் புதிய விதியும்

கார்பன் வணிகம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை உருவாக்கிய தூய்மை மேம்பாட்டுச் செயல்முறையில் சீனாவுக்கு அடுத்தபடியாக அதிகத் திட்டங்களைப் பதிவுசெய்த நாடு இந்தியா. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் ஒருங்கிணைத்த காற்றாலைத் தொகுப்பும் அவற்றில் ஒன்று. அக்காலத்தில் வளரும் நாடுகளுக்கு உமிழ்வு இலக்கு ஏதும் கிடையாது. ஆகவே, இங்கே குறைந்த ஒரு டன்னை ஐரோப்பிய நாடு தன் பெயரில் எழுதிக்கொண்டாலும், விற்ற நாட்டின் ஏட்டில் கழிப்பதற்கு எதுவும் இல்லை.

பாரிஸ் ஒப்பந்தத்தில் எல்லா நாடுகளுக்கும் இலக்கு உண்டு. இப்போது தாய்லாந்தில் குறையும் ஒரு டன்னைத் தாய்லாந்தும் சுவிட்சர்லாந்தும் தத்தம் சாதனையாகக் காட்டினால், காற்றில் குறைந்தது ஒரு டன். காகிதத்தில் குறைந்தது இரண்டு டன். இதைத் தடுக்கத்தான் சரிக்கட்டல் விதி வந்தது. வாங்கிய நாடு தன் உமிழ்வுக் கணக்கில் ஒரு டன்னைக் கழிக்கும். விற்ற நாடு ஒரு டன்னைக் கூட்டிக்கொள்ளும். இதற்கான விரிவான விதிகள் 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் முடிவாயின. பதிவேடு, அனுமதிக் கடிதம் ஆகியவை பற்றி எஞ்சியிருந்த சிக்கல்களை 2024இல் பாகு மாநாடு தீர்த்துவைத்தது.

ஒரு பேருந்தின் தடம்

நடைமுறை எப்படி என்பதை பாங்காக்கின் மின்பேருந்துகள் காட்டுகின்றன. அந்நகரின் தனியார் வழித்தடங்களில் பழைய பேருந்துகளுக்குப் பதிலாக மின்பேருந்துகள் இறக்கப்பட்டன. அவை எத்தனை கிலோமீட்டர் ஓடின, எவ்வளவு மின்சாரம் ஏற்றிக்கொண்டன என்பது பதிவாகிறது. அதே தொலைவைப் பழைய பேருந்து ஓடியிருந்தால் எவ்வளவு புகை கக்கியிருக்கும் என்று கணித்து, மின்சார உற்பத்தியில் உண்டான உமிழ்வை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதே குறைப்பு. அந்தக் கணக்கை வெளியார் தணிக்கை சரிபார்க்க வேண்டும். பிறகு இரு நாட்டு அரசுகளும் ஏற்க வேண்டும். 2022 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஓட்டத்துக்கு இவ்வாறு கிடைத்தது 1,916 டன். அது சுவிட்சர்லாந்தின் பதிவேட்டுக்கு மாற்றப்பட்ட செய்தி 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் ஒரு நாட்டின் இலக்குக்காக நடந்த உலகின் முதல் பரிமாற்றம் அதுவே.

இத்தோடு தடம் முடிவதில்லை. இரு நாடுகளும் தொடக்க அறிக்கையில் தம் ஒத்துழைப்பை விவரிக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வோர் அலகின் அடையாள எண்ணோடும் பரிமாற்ற விவரத்தைப் பொது வடிவத்தில் தர வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அளிக்கும் வெளிப்படைத்தன்மை அறிக்கையில் சரிக்கட்டலைக் காட்ட வேண்டும். இவை ஜெர்மனியின் பான் நகரில் உள்ள ஐ.நா. காலநிலைச் செயலகத்தின் தளத்தில் சேர்கின்றன. அங்கே ஒரு நாடு விற்றதாகச் சொல்வதும் மறுநாடு வாங்கியதாகச் சொல்வதும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. வல்லுநர் குழு அறிக்கைகளை ஆராய்கிறது. இதற்கு வெளியே, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கோபன்ஹேகன் காலநிலை மையம் போன்றவை உலகெங்கும் கையெழுத்தாகும் உடன்படிக்கைகளையும் திட்டங்களையும் திரட்டிப் பொதுவில் வைக்கின்றன.

ஆண்டுக் கணக்கிலும் ஓர் ஓட்டை விழ வாய்ப்புண்டு. பல நாடுகளின் இலக்கு 2030 என்ற ஒற்றை ஆண்டுக்கானது. 2024இல் விற்றதை 2030 கணக்கில் கூட்டாமல் விட்டால் அந்தச் சரிக்கட்டலுக்குப் பொருளே இல்லை. ஆகவே, காலம் முழுவதும் விற்றதன் சராசரியை இலக்கு ஆண்டில் கூட்டுவது, அல்லது ஆண்டுவாரியாக ஒரு பாதையை வகுத்து அதன்படி சரிக்கட்டுவது என்ற இரண்டில் ஒன்றை நாடு தேர்ந்து, அதையே தொடர்ந்து பின்பற்ற வேண்டும்.

பதிவேடு சொல்லாதது

வில்லங்கச் சான்று ஒரு நிலம் இரண்டு பேருக்கு விற்கப்படவில்லை என்று காட்டும். அந்த நிலத்தில் நீர் இருக்கிறதா என்று சொல்லாது. சரிக்கட்டல் விதியும் இத்தகையதே. ஒரு டன் இருமுறை எண்ணப்படாமல் அது காக்கும். அந்த டன் உண்மையில் குறைந்ததா என்பது வேறு கேள்வி.

பாங்காக் திட்டத்தின் மீது எழுந்த விமர்சனம் இந்த இடத்தில்தான் விழுந்தது. கார்பன் பணம் வராவிட்டாலும் அந்த மின்பேருந்துகள் சாலைக்கு வந்திருக்கும் என்று சுவிட்சர்லாந்தின் ‘அலையன்ஸ் சூட்’ போன்ற தொண்டு அமைப்புகள் வாதிட்டன. தனியார் நிறுவனங்களுக்கு அந்த முதலீடு தானாகக் கட்டுப்படியாகாது என்பது திட்டத்தை ஏற்றவர்களின் விடை. எப்படியும் நடந்திருக்கக்கூடிய ஒன்றுக்குப் பணம் கொடுத்து, அதன் பேரில் சுவிட்சர்லாந்தில் அதே அளவு பெட்ரோல் எரிக்கப்பட்டால் உலக உமிழ்வு குறைவதற்குப் பதில் கூடிவிடும். கானாவில் விறகைச் சிக்கனமாக எரிக்கும் அடுப்புகளை வழங்கும் திட்டத்திலும் இதே சிக்கல். மிச்சமான விறகில் எவ்வளவு பங்கு மீண்டும் வளராத மரத்திலிருந்து வந்தது, புது அடுப்பு கிடைத்த பின் பழையதை எத்தனை வீடுகள் கைவிட்டன என்ற ஊகங்கள் சற்று மாறினாலும் குறைப்பின் அளவு பெரிதும் மாறிவிடும்.

கானாவின் நெல் திட்டம் அளவீட்டின் அருமையை இன்னும் நெருக்கமாகக் காட்டும். தமிழக உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் பாசன முறையை அங்குள்ள உழவர்களுக்குப் பயிற்றுவிக்கும் திட்டம் அது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் முன்னின்று நடத்த, 2022 நவம்பரில் கானா அதற்கு அனுமதி அளித்தது. வயலில் நீர் எப்போதும் தேங்கி நின்றால் காற்றில்லாச் சேற்றில் மீத்தேன் உருவாகும். இடையிடையே காயவிட்டால் குறையும். நன்மை உறுதி. ஆனால், எந்த வயல் எத்தனை நாள் காய்ந்தது என்பதை ஆயிரக்கணக்கான சிறு உழவர்களிடம் சரிபார்த்தால்தான் டன்னுக்குப் பொருள் உண்டு.

விற்பவர் அறிய வேண்டியது

இந்தப் பாடம் தெற்காசியாவுக்கு நெருக்கமானது. இலங்கை 2022இலும் இந்தியா 2025 ஆகஸ்டிலும் ஜப்பானுடன் கூட்டுக் கார்பன் வரவு உடன்படிக்கை செய்துகொண்டன. 6ஆம் பிரிவுக்கான தேசிய அமைப்பை 2022இல் ஏற்படுத்திய இந்தியா, சேமிப்புடன் கூடிய புதுப்பிக்கத்தக்க மின்சாரம், கடல்சார் காற்றாலை, பசுமை ஹைட்ரஜன் போன்றவற்றை வெளிநாட்டுடன் பகிரத்தக்க பட்டியலில் வைத்தது. இது சரியான தேர்வு. மலிவாகக் குறைக்கக்கூடியதை எல்லாம் விற்றுவிட்ட நாடு, தன் இலக்குக்கு விலை உயர்ந்த வழிகளையே நாட நேரும். விற்ற டன் சரிக்கட்டலால் அதன் கணக்கில் கூடியும் நிற்கும். வெளிப் பணம் இல்லாமல் நடக்கவே நடக்காத திட்டங்களை மட்டும் விற்பது விற்பவருக்கும் பாதுகாப்பு, காற்றுக்கும் நன்மை.

வாங்கும் நாட்டுக்கும் கடமை உண்டு. அணுமின் திட்டங்களையும், புதைபடிவ எரிபொருளின் ஆயுளை நீட்டிக்கும் திட்டங்களையும் சுவிட்சர்லாந்து ஏற்பதில்லை. அது நல்ல தொடக்கம். அதற்கு மேல், திட்டம் இல்லாவிட்டால் உமிழ்வு எவ்வளவு இருந்திருக்கும் என்ற அடிப்படை அளவை எப்படிக் கணித்தார்கள், திட்டத்தின் வரவுசெலவு என்ன, களத்தில் அளந்த தரவு எது என்பவை முழுவதும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஐயம் எழும் இடங்களில் குறைவான எண்ணையே ஏற்க வேண்டும். வெளிநாட்டுக் கொள்முதல் உள்நாட்டு மாற்றத்தைத் தள்ளிப்போடும் சாக்காகவும் ஆகக் கூடாது. 2023 ஜூன் 18 அன்று 59.1 விழுக்காடு வாக்குகளோடு 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வை ஏற்றவர்கள் சுவிட்சர்லாந்து மக்களே. எல்லா நாடுகளும் சுழியத்தை நெருங்கும் காலத்தில் விற்பதற்கு எவரிடமும் மிச்சம் இருக்காது. அதுவரையிலான இடைக்காலத்துக்குத்தான் இந்தச் சந்தை பயன்படும். அந்தப் பயனும், ஒவ்வொரு டன்னும் மெய்யாகக் குறைந்து ஒரே ஒரு முறை எண்ணப்படும்போது மட்டுமே கிட்டும்.