சிறுநீரக 'முன்னறி' இரத்தப் பரிசோதனை முகாம்கள்: சங்கத்தின் நிலைப்பாடு

சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே சொல்லிவிடும் இரத்தப் பரிசோதனை என்று சொல்லி, பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் முகாம் நடத்த ஒரு தனியார் பரிசோதனை நிறுவனம் நம் ஒத்துழைப்பைக் கேட்டிருக்கிறது. இதையொட்டி எழுந்த வாக்குவாதங்களை உறுப்பினர்கள் அறிவார்கள். செயற்குழு பெரும்பான்மையாக எடுத்த நிலைப்பாடு வருமாறு.

1. அறிவியல் குறித்து

இந்தப் பரிசோதனையின் அடிப்படையை சங்கம் மறுக்கவில்லை. உடல் உணவைச் செரித்துப் பயன்படுத்தும்போது உண்டாகும் நுண்பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையும்போது அவற்றில் சில தேங்குகின்றன. அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வில் சிறுநீரக நோய் இல்லாத 1,434 பேரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 123 பேருக்கு நோய் வந்தது. கைனுரெனிக் அமிலம், சிட்ருலின் போன்றவற்றின் அளவு அவர்களிடம் முன்கூட்டியே வேறுபட்டிருந்ததாக 2013-ல் வெளியிட்டார்கள். இது கொள்கை அளவில் வரவேற்கத்தக்கது.

ஆனால் அங்கே வகுத்த அளவுகோலை அப்படியே இங்கே பொருத்த முடியாது. முட்டை மஞ்சள் கருவிலுள்ள கோலினைக் குடல் நுண்ணுயிர்களும் கல்லீரலும் சேர்ந்து டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக மாற்றுகின்றன. சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் கூடுவதும் இதே பொருள்தான். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் முந்தின நாள் சாப்பாடு எது, நோய் எது என்று பிரித்துச் சொல்லும் அளவுகோலை யார் வகுத்திருக்கிறார்கள்?

2. கையில் இருக்கும் பரிசோதனைகள் குறித்து

கிரியாட்டினின் 1.2 என்று வரும் லேப் சீட்டை எடுத்துக்கொள்வோம். பல லேப்களின் அச்சடித்த அளவுக்குள் அது அடங்கிவிடும். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அதே 1.2-ஐ வடிகட்டும் திறனாகக் கணக்கிட்டால் சுமார் 55 வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஆகவே தசை வற்றிய தறித்தொழிலாளிக்கு உண்மை நிலை இன்னும் மோசமாக இருக்கலாம். இந்தக் கணக்குக்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. சீட்டில் ஒரு வரி கூடுதலாக அச்சடித்தால் போதும். சிறுநீரில் அல்புமின் பார்ப்பதும் பெருஞ்செலவல்ல. இவ்விரண்டும் எல்லோருக்கும் கிடைக்காதபோது விலையுயர்ந்த பரிசோதனையை முதலில் கொண்டுவருவது முறையா என்பதை அரசு பரிசீலிக்க வேண்டும்.

3. எடுக்கப்படும் இரத்தம் யார் கைக்குப் போகிறது என்பது குறித்து

2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் சிறுநீரக விற்பனை வெளிவந்ததையும், ஆகஸ்டில் அதை விசாரிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்ததையும் இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை.

இரத்தப் பிரிவும் திசுப் பொருத்தமும் கிரியாட்டினினும் பார்க்காமல் எவருடைய சிறுநீரகத்தையும் எடுக்க முடியாது. நம் ஊரில் யார் கடனில் மூழ்கியிருக்கிறார் என்பது புரோக்கருக்குத் தெரியும். யாருடைய சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. யாருக்கு ஆபத்து என்று காட்டும் பட்டியலே யாருக்கு ஆபத்து இல்லை என்றும் காட்டிவிடும். பெயர், தெரு, கைபேசி எண்ணோடு அப்படியொரு பட்டியல் தவறான கைகளுக்குப் போகக்கூடும் என்று செயற்குழு அஞ்சுகிறது. 'அஞ்சுகிறது' என்ற சொல் போதாது என்று சில உறுப்பினர்கள் கூறியதும் பதிவு செய்யப்படுகிறது.

எங்களுக்குத் தரப்பட்ட ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. மாதிரிகளை 'பங்குதாரர்' நிறுவனங்களுக்கு அனுப்பலாம் என்று அதில் ஒரு வரி உண்டு. அந்தப் பங்குதாரர் யார் என்பது எங்குமே இல்லை. தவணை கட்ட முடியாமல் இடுப்பில் தழும்போடு நிற்கும் பெண்கள் இருக்கும் தெருவில் இந்தப் படிவத்தை நீட்ட எப்படித் துணிச்சல் வந்தது?

சிறுநீரகத்தை இழந்தவர்களை இன்று யார் பார்க்கிறார்கள்? ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் சிறுநீர் அல்புமினும் பார்க்க வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். ஆனால் 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 19-ம் பிரிவு பணம் கொடுத்தவரோடு வாங்கியவரையும் குற்றவாளியாக்குகிறது. ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, குறைந்தது 20 லட்சம் ரூபாய் அபராதம். அந்தப் பயத்தில் தழும்பை மறைக்கிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியை எப்படி ஏறுவார்? முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள் இவர்கள்தான். வருவதற்கே வழியில்லாதவர்களும் இவர்கள்தான்.

4. பிற

தறிக்கூட வெக்கை, மருந்துக்கடை வலி மாத்திரை, சாயக்கழிவு ஆகியவை குறித்த முந்தைய தீர்மானங்கள் தொடர்கின்றன. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் நடந்த ஆய்வில் சிறுநீரக நோய் உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. அதே ஆய்வைத் தறித்தொழிலாளர்களிடமும் நடத்த வேண்டும்.

தீர்மானங்கள்

அ) மாதிரியும் முடிவும் எங்கே, யார் பொறுப்பில், எவ்வளவு காலம் இருக்கும் என்பது தமிழில் எழுத்துப்பூர்வமாக வரும்வரை சங்கம் இடமோ உறுப்பினர் பட்டியலோ தராது. தனிப்பட்ட முறையில் பரிசோதித்துக்கொள்ள விரும்பும் உறுப்பினரைத் தடுக்காது.

ஆ) கிரியாட்டினின் முடிவோடு வடிகட்டும் திறனையும் எல்லா லேப்களும் அச்சிட அரசு ஆணையிட வேண்டும்.

இ) சிறுநீரகத்தை இழந்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இலவசப் பரிசோதனை வேண்டும். அந்த மருத்துவப் பதிவு வழக்குக்குப் பயன்படாது என்ற உறுதி, சட்ட வல்லுநர்களின் கருத்தைப் பெற்று, அரசாணையாகவே வர வேண்டும்.

'இ' பிரிவை அரசு ஏற்கும்வரை வேறெந்த முகாமையும் பேசவே கூடாது என்ற திருத்தம் சிறு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அது பொதுக்குழுவில் மீண்டும் வைக்கப்படும்.