# குறிக்குப் பின்னால் நிற்கும் பாடம்

ரவீந்திரநாத் தாகூர் அடித்து நீக்கிய சொற்களுக்கும் மதிப்புத் தரும் நகரம் கொல்கத்தா. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2013இல் நிறைவுசெய்த ‘பிசித்ரா’ மின்தொகுப்பு, அவருடைய கையெழுத்துப்படிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒருங்கே வைத்து, அவற்றிடையே உள்ள வேறுபாடுகளைச் சொல் அளவுவரை ஒப்பிட்டுக் காட்டுகிறது. கணினி விளையாட்டை இலக்கியப் பாடமாக ஆராயும் மரபும் இந்நகரில் வேரூன்றியுள்ளது. சௌவிக் முகர்ஜியின் நூல் 2015இலேயே வெளிவந்துவிட்டது. எனினும் விளையாட்டைப் ‘பாடம்’ என்று ஏற்றுக்கொள்வோர், திரையில் தோன்றுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். நிரலின் குறிப்புரைகள், அதாவது கமெண்ட் வரிகள், பாடத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்படுகின்றன. இது பதிப்பியல் நோக்கில் பிழையான எல்லை.

கதைவடிவ விளையாட்டுகளை எழுத மாணவர்களும் எளிதில் கையாளும் ரென்பையை எடுத்துக்கொள்ளலாம். 2004 முதல் வழங்கிவரும் இக்கருவியின் எழுத்துமொழியில் # குறி தொடங்கிய இடத்திலிருந்து அவ்வரியின் இறுதிவரை உள்ள அனைத்தையும் இயந்திரம் புறக்கணிக்கும். மேற்கோள் குறிக்குள் வரும் # மட்டும் விலக்கு. அங்கே அது பாத்திரம் பேசும் உரையாடலின் ஓர் எழுத்தே. விதி இவ்வளவுதான். ஆனால் நீக்க மனமில்லாத ஓர் உரையாடலின் முன் இக்குறியை இட்டு வைக்கும் ஆசிரியர், தாகூர் மை தடவி மறைத்ததைப் போன்ற ஒன்றையே செய்கிறார். மறைந்த வரி அழியவில்லை, ஒலிக்காமல் இருக்கிறது.

மொழிபெயர்ப்பில்தான் இவ்வசதி மிகவும் சுவையாகிறது. வேற்றுமொழி ஆக்கத்திற்கான கோப்பை ரென்பை தானே உருவாக்கும்போது, ஒவ்வோர் உரையாடலின் மூல வடிவத்தையும் # குறியிட்டு மேலே எழுதிவைக்கிறது. அது மூலக்கோப்பின் எந்த வரியில் உள்ளது என்பதையும் சேர்க்கிறது. அதன்கீழ் மொழிபெயர்ப்பாளர் வங்காளத்திலோ தமிழிலோ தம் வரியை எழுதுகிறார். மேலே மூலம், கீழே ஆக்கம்: நம் உரைப்பதிப்புகளின் பக்க அமைப்பேதான். இயந்திரத்துக்கு மேல்வரி தேவையே இல்லை. மூலவரியிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளக் குறியைக் கொண்டே அது இரண்டையும் இணைக்கிறது. ஆசிரியர் பின்னர் மூலத்தை மாற்றினால் அந்த அடையாளமும் மாறிவிடும். அப்போது மொழிபெயர்ப்பாளர் எந்த வாசகத்தைப் பார்த்து எழுதினார் என்பதற்கு அக்கோப்பில் எஞ்சும் சான்று அந்தக் குறிப்புரை ஒன்றே.

வேலை முடிந்ததும் இவ்வரிகளைத் துடைத்து ‘சுத்தமான’ கோப்பை ஒப்படைப்பதை நேர்த்தி என்று கருதும் மாணவர்கள் உண்டு. தொகுக்கப்பட்ட கோப்பை மட்டும் வெளியிட்டாலும் விளைவு ஒன்றே. குறிப்புரை அதில் எஞ்சுவதில்லை. குறிப்புரைகளில் பாதி குப்பை, நாளைக்குச் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் என்பர். உண்மைதான். ஏட்டுச்சுவடிகளிலும் எழுதியவரின் கைப்பிழைகள் நிறைய உண்டு. ஆயினும் பிரதிபேதங்களைக் குறித்துவைக்கும் உழைப்பை உ.வே. சாமிநாதையர் வீணென்று கருதவில்லை.

விளையாட்டைத் திட்டப்பணியாக ஏற்கும் துறைகள், மூலக்கோப்பைக் குறிப்புரைகளோடு கேட்டுப் பெறலாம். அவற்றை மதிப்பெண்ணுக்கு உட்படுத்தக் கூடாது. உட்படுத்தினால் மாணவர்கள் தேர்வாளருக்காகவே குறிப்புரை எழுதத் தொடங்கிவிடுவர்.