பெண்களின் வாக்கு என்றொரு அதிசயம்



கிராமங்களுக்குச் சென்று தாய்மாருடன் கதைக்கும்போது அண்மைக் காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "தங்கச்சி, பெடியன் எந்த நேரமும் கொம்பியூட்டரிலதான் கிடக்கிறான். கேட்டால் சுடுற விளையாட்டு இல்லையாம், நாடு கட்டுற விளையாட்டாம். உண்மையோ?" சுடுகின்ற சத்தத்தையும் குண்டு வெடிக்கும் சத்தத்தையும் பொழுதுபோக்காகக்கூடக் கேட்க விரும்பாத பெண்கள் இவர்கள். கேள்வி நியாயமானது. ஆகவே இம்முறை இந்த நாடு கட்டும் விளையாட்டைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

பெடியன் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். இவ்வகை விளையாட்டுக்களில் மிகப் பிரபலமானதன் பெயர் 'சிவிலைசேசன்', அதாவது நாகரிகம். சிட் மெயர், புரூஸ் ஷெல்லி என்ற இருவர் அமெரிக்காவில் உருவாக்கிய இதன் முதற் பதிப்பு 1991 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏழாவது பதிப்பு 2025 இல் வந்தது. தொடக்கத்தில் திரை முழுவதும் இருட்டாக இருக்கும். கி.மு. 4000 ஆம் ஆண்டு. உங்களிடம் இருப்பது குடியேறப் போகும் ஒரு சிறு கூட்டம் மட்டுமே. அவர்களை ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ இருத்தினால் ஒரு நகரம் உண்டாகும். பிறகு வயல், வீதி, சுரங்கம் என்று விரியும். மட்பாண்டம் செய்யவும் எழுதவும் படித்து, கடைசியில் விண்வெளிக்குக் கப்பல் அனுப்பும் வரை ஆறாயிரம் ஆண்டுகளை நீங்களே ஆளலாம். முதற் பதிப்பில் வெற்றிக்கு இரண்டு வழிகள் இருந்தன. மற்ற எல்லா நாடுகளையும் பிடிக்க வேண்டும், அல்லது எல்லாருக்கும் முன்னால் வேறொரு நட்சத்திரத்துக்குக் கப்பல் போய்ச் சேர வேண்டும்.

இது தாயக்கட்டை போல முறை வைத்து ஆடுவது. உங்கள் முறையில் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும் வரை கணனி காத்திருக்கும். அவசரமில்லை, யோசிக்கலாம். இரத்தமும் அலறலும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அப்படியே நிறுத்திவிட்டு வரலாம் என்பதும் தாய்மார் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விடயம். "இப்ப எழும்ப ஏலாது, தோத்துப் போவன்" என்ற சாட்டு இந்த விளையாட்டுக்குச் செல்லாது. ஆனால் 'இன்னும் ஒரேயொரு முறை' என்று சொல்லிச் சொல்லியே விடிய வைத்துவிடும் விளையாட்டு என்று இதற்கு உலகம் முழுவதும் பெயர் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் சமூகவியல் படித்தவள். ஒரு சமூகத்தைப் பற்றி யாராவது கதை சொன்னால், அந்தக் கதையில் வீட்டிலிருப்பவர்கள் எங்கே என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த விளையாட்டிலும் தேடினேன். இருக்கிறார்கள். ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் அந்நகரத்து மக்கள் சிறு சிறு உருவங்களாக வரிசையில் நிற்பார்கள். சிலர் மகிழ்ச்சியாக, சிலர் சாதாரணமாக, சிலர் மனக்குறையோடு. மகிழ்ச்சியானவர்களை விட மனக்குறையுள்ளவர்கள் கூடிவிட்டால் நகரத்தில் குழப்பம் வெடிக்கும், உற்பத்தி நின்றுவிடும். அரசனாகிய நீங்கள் கோயில் கட்டலாம், சந்தை அமைக்கலாம், ஆடம்பரப் பொருட்களுக்குப் பணம் ஒதுக்கலாம். கொடுங்கோலாட்சியாகவோ முடியாட்சியாகவோ இருந்தால் இன்னும் சுலபம். நகரத்துக்குள்ளேயே படையை நிறுத்தி வைத்தால் சனம் அமைதியாகிவிடும். இந்த வரியை வாசிக்கும் உங்களில் பலருக்கு விளக்கம் தேவைப்படாது.

குடியரசு, சனநாயகம் ஆகிய ஆட்சிகளில் கணக்கு வேறு. முதலிரு பதிப்புகளில், ஒரு நகரத்திலிருந்து போன படை வெளியில் நிற்கும் வரை, குடியரசில் அந்த நகரத்தில் ஒருவருக்கும் சனநாயகத்தில் இருவருக்கும் மனக்குறை உண்டாகும். போனவரை நினைத்து வீட்டில் யாரோ வருந்துகிறார்கள் என்பதை விளையாட்டு ஒப்புக்கொள்கிறது. நல்லது என்றே முதலில் நினைத்தேன். ஆனால் கணக்கை முழுமையாகப் பாருங்கள். அந்தப் படை போரில் அழிந்துவிட்டால் என்ன நடக்கும்? வெளியில் நிற்கும் படைகளில் ஒன்று குறைகிறது. ஆகவே மனக்குறையும் குறைகிறது! படையைப் பராமரிக்கும் செலவும் மிச்சம். மகன் போயிருக்கும் வரை வருந்தும் வீடு, அவன் இறந்த செய்தியோடு சாதாரணமாகிவிடுகிறது.

இதைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் போரைப் பார்த்த இடம் அப்படி. அரண்மனை மாடத்தில் நின்று பார்த்தால், கீழே அழுகின்ற பெண் ஆட்சியாளருக்கு ஒரு தொல்லை; அவ்வளவுதான். பிந்திய பதிப்புகளில் இதைத் திருத்தியிருக்கிறார்கள். 'போர்க் களைப்பு' என்ற ஒன்று வந்தது. 2016 இல் வெளியான ஆறாவது பதிப்பில் படை அழிந்தால் இந்தக் களைப்பு கூடும், குறையாது. அந்நிய மண்ணில் சண்டை பிடித்தால் இன்னும் கூடும். எனினும் சமாதானம் கையெழுத்தானவுடன் அது மளமளவென்று இறங்கிவிடும். எங்களுடைய போர் 2009 இல் முடிந்தது. இறங்கிவிட்டதா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விடயம். இந்த விளையாட்டில் 'அதிசயங்கள்' என்று சில கட்டலாம். எகிப்தின் பிரமிட்டுகள், பாபிலோனின் தொங்குதோட்டம், சீனப் பெருஞ்சுவர் போன்றவை. முதலிரு பதிப்புகளின் பட்டியலில், கைத்தொழில் யுகத்துக்கு வந்ததும் ஒரு புதிய அதிசயத்தின் பெயரைக் காணலாம்: பெண்களின் வாக்குரிமை. பார்த்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அதன் பயன் என்ன தெரியுமா? வெளியில் நிற்கும் படைகளால் உண்டாகும் மனக்குறையைக் குறைப்பது! இரண்டாம் பதிப்பில் இன்னும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். இதைக் கட்டினால் உங்களுடைய ஒவ்வொரு நகரத்திலும் ஒரு பொலிஸ் நிலையம் இருப்பதற்குச் சமன். அதாவது பெண்களுக்கு வாக்குக் கொடுத்தால் ஆட்சியாளர் இன்னும் கொஞ்சக் காலம் நிம்மதியாகப் போர் நடத்தலாம். 2001 இல் வந்த மூன்றாம் பதிப்பில் பெயர் 'சர்வசன வாக்குரிமை' என்று மாறியது, வேலை மாறவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஓர் அதிசயத்தை உலகத்தில் ஒரு நாடுதான் கட்ட முடியும். பக்கத்து நாட்டுக்காரன் முந்திக்கொண்டால் உங்கள் நாட்டுப் பெண்களுக்கு வாக்கு எக்காலத்திலும் இல்லை. கட்டிய நகரத்தை எதிரி பிடித்துவிட்டால் அந்த வாக்குரிமையின் பயனும் அவனோடு போய்விடும். வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

உண்மை வரலாறு என்ன சொல்கிறது? முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில், 1915 ஏப்ரல் மாதக் கடைசியில், நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். அழைத்தவர்களில் முதன்மையானவர் அலெற்றா ஜேக்கப்ஸ் என்ற டச்சுப் பெண் வைத்தியர். தலைமை வகித்தவர் ஜேன் அடம்ஸ். சிக்காகோ நகரின் ஏழைகள் மத்தியில் வேலை செய்த சமூகப் பணியாளர். எங்கள் தொழிலுக்கு மூத்தவர். ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்த நாடுகளின் பெண்கள் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். பிரித்தானியாவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் போக விரும்பியும், வட கடலில் கப்பற் போக்குவரத்து மூடப்பட்டதால் அந்நாட்டவர் மூவரே மண்டபத்தில் இருந்தனர். போரை நிறுத்த நடுநிலை நாடுகள் மத்தியஸ்தம் செய்ய வேண்டும் என்றும், பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்றும் அவர்கள் தீர்மானித்தார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள். ஜேன் அடம்ஸ் 1931 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவான முதற் பெண் ஜெனற் ராங்கின். அவரும் சமூகப் பணியில் பயிற்சி பெற்றவர்தான். 1917 ஏப்ரலில் போருக்குள் நுழைவதா என்ற வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்றார். அன்று அவரோடு மேலும் 49 பேர் எதிர்த்து வாக்களித்தனர். 1941 டிசம்பரில் மீண்டும் அதே கேள்வி வந்தபோது முழுச் சபையிலும் 'வேண்டாம்' என்றவர் அவர் ஒருவர் மட்டுமே. அவருடைய வாக்கு எந்த அரசனுக்கும் பொலிஸ் நிலையமாக இருக்கவில்லை.

ஆனாலும் விளையாட்டின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1917 இல் கனடாவில் கட்டாய ஆட்சேர்ப்பு ஒரு பெரும் சர்ச்சையாக இருந்தது. தேர்தல் நெருங்கியபோது அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கடல் கடந்து போர்முனைக்குப் போன படையினரின் மனைவி, விதவை, தாய், சகோதரி, மகள் ஆகியோருக்கு மட்டும் வாக்கு. போனவர்களுக்குத் துணையாக இன்னும் ஆட்களை அனுப்பச் சொல்லி இவர்கள் வாக்களிப்பார்கள் என்பதே கணிப்பு. அதே சட்டம், எதிரி நாடுகளில் பிறந்து 1902 இற்குப் பிறகு கனடியப் பிரஜைகளான பலரது வாக்கைப் பறித்தது. அரசாங்கம் வென்றது. பெண்ணின் துயரத்தைக் கணக்குப் பார்த்து வாக்குச் சீட்டாக மாற்றும் வித்தையைக் கணனி கண்டுபிடிக்கவில்லை. சிட் மெயர் பிறந்ததும் கனடாவில்தான் என்பது வெறும் தற்செயல்.

எங்கள் நாட்டில் 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்கள் சாட்சியம் அளித்தார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது ஆணைக்குழு. இறுதியில் 21 வயதான ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாகவே கிடைத்து, 1931 இல் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. எந்தப் போருக்கும் விலையாக அது தரப்படவில்லை. கேட்டுப் பெற்றது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

2012 இல் ஒரு செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஒருவர் இரண்டாம் பதிப்பின் ஒரே ஆட்டத்தைப் பத்து வருடங்களாக விட்டுவிட்டு ஆடி வந்திருக்கிறார். ஆட்டத்தில் கி.பி. 3991 ஆம் ஆண்டு. மிஞ்சியவை மூன்று நாடுகள். ஏறத்தாழ 1,700 வருடங்களாக ஓயாத போர். அணுகுண்டுகளால் நிலம் சதுப்பாகி, துருவப் பனி உருகி, சனத்தொகையில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அவர் சனநாயகத்தை எப்போதோ கைவிட்டுவிட்டார். காரணம், அந்த ஆட்சியில் செனற் சபை போருக்கு அனுமதி மறுத்துக்கொண்டே இருந்தது. வெல்ல முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. நான் வாசித்த சமாதானக் கட்டுரைகள் பலவற்றை விட இந்த ஆட்டம் அதிகம் சொல்கிறது என்பேன்.

ஆகவே பிள்ளையின் கையிலிருந்து இதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன். நேரத்துக்கு எல்லை வையுங்கள், அது போதும். அமெரிக்க ஆய்வாளர் கேர்ட் ஸ்குவயர் இந்த விளையாட்டின் மூன்றாம் பதிப்பை வைத்து வசதி குறைந்த மாணவர்களுக்கு உலக வரலாறு படிப்பித்து, அதையே 2004 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். வரலாற்றுப் பாடத்தில் அக்கறையே இல்லாதிருந்த சிலர், ஆபிரிக்கரும் பூர்வீக அமெரிக்கரும் அடிமைப்படாமல் இருந்திருக்க வழி இருந்ததா என்று ஆடிப் பார்க்கத் தொடங்கினார்கள். தோற்றவர்களின் பக்கத்தில் இருந்து வரலாற்றைப் பார்க்கும் ஆசை பிள்ளைகளிடம் இயல்பாகவே இருக்கிறது.

ஒரு நாள் மகனுக்கோ மகளுக்கோ பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். கணனி தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். நகரத்தின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இந்த ஆட்கள் ஏன் கவலையாக நிற்கிறார்கள் என்று கேளுங்கள். வழியில் தெரியும் சிறு குடிசைகளுக்குள் உங்கள் ஆட்கள் போனதும் பொன் கிடைக்கிறதே, அந்தக் குடிசைகள் எங்கே மறைந்தன, அங்கே இருந்தவர்கள் யார் என்று கேளுங்கள். பிறகு ஒரு நகரத்தையும் பிடிக்காமல் ஓர் ஆட்டத்தை வென்று காட்டச் சொல்லுங்கள். புதிய பதிப்புகளில் பண்பாட்டாலும் விஞ்ஞானத்தாலும் வெல்ல வழி இருக்கிறது. "ஏலும் அம்மா, ஆனா பக்கத்து ராசா சும்மா இருக்க மாட்டான்" என்று பதில் வரும். அப்ப என்ன செய்யப் போறாய் என்று கேட்டால் அந்தக் கதை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓடும்.