பணத்தாளில் தமிழ் உள்ள இரண்டு தீவுகள்!



வெளிநாட்டு நாணயம், நோட்டு சேர்க்கும் பழக்கம் உங்களில் யாருக்கெல்லாம் இருக்கிறது? உங்கள் ஆல்பத்தில் சிங்கப்பூர் டாலரும், இலங்கை ரூபாயும் இருந்தால் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். உற்றுப் பாருங்கள். இரண்டிலும் தமிழ் எழுத்து இருக்கும்! (மொரீஷியஸ் தீவின் நோட்டிலும் தமிழ் உண்டு. அந்தக் கதை பெரிசு, இன்னொரு வாரம் பார்க்கலாம்.)

இரண்டுமே தீவுகள். இரண்டையும் ஆங்கிலேயர் ஆண்டனர். இரண்டிலும் தமிழ், ஆட்சி மொழிகளில் ஒன்று. ஆனால், 2022 மார்ச் மாதம் இலங்கையின் மேல் மாகாணத்தில் 9, 10, 11ம் வகுப்புகளுக்குப் பரீட்சையைத் தள்ளி வைத்தனர். காரணம் மழையோ, புயலோ இல்லை. கேள்வித்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை! வெளிநாட்டில் இருந்து காகிதம் வாங்க, கையில் டாலர் இல்லை.

'ஐய்யா, பரீட்சை இல்லையா, ஜாலி!' என்று குதிக்காதீர்கள். அதே காரணத்தால் பால் பவுடரும் இல்லை, மருந்தும் இல்லை, சமையல் காஸும் இல்லை.

அதே நேரத்தில் சிங்கப்பூர், உலகின் பணக்கார நாடுகளின் வரிசையில் முன்னால் நின்றது. ஏன் இப்படி?

வேலூர் கோட்டையில் கண்டி ராஜா!

தொலைதூரக் கதை என்று நினைக்க வேண்டாம். கணியம்பாடியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வேலூர் கோட்டை வந்து விடும். அங்கே தான் இலங்கையின் கடைசி மன்னர் சிறை வைக்கப்பட்டிருந்தார். பெயர், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். சின்ன வயதுப் பெயர், கண்ணுசாமி. நாயக்கர் வம்சம். 1815ல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தனர். அடுத்த ஆண்டே அவரைக் குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டு வந்து விட்டனர். 16 ஆண்டுகள் இங்கேயே இருந்து, 1832ல் இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவர் நினைவாகக் கட்டியது தான்.

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். போருக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களது பிள்ளைகளும் வசிக்கும் இடம். 2023 செப்டம்பரில் அங்கே புது வீடுகள் திறக்கப்பட்டன.

சிங்கப்பூர்? அதற்கு முகாம் தேவையில்லை. உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'எங்க சித்தப்பா சிங்கப்பூர்ல இருக்கார்' என்று யாராவது ஒருவர் கையைத் தூக்குவார்.

யானையும் எலியும்

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கி.மீ., சிங்கப்பூர் சுமார் 735 சதுர கி.மீ., தான். அதிலும் ஒரு பகுதி, கடலில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலம்! 2019ல் மூன்றாகப் பிரிந்த பிறகு மிஞ்சிய நம் வேலூர் மாவட்டமே, சிங்கப்பூரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. இலங்கையில் சுமார் 2.2 கோடி பேர். சிங்கப்பூரில் 60 லட்சம் பேர்.

இலங்கையில் மலை உண்டு, ஆறு உண்டு, நெல் வயல் உண்டு, தேயிலை, ரப்பர், தென்னை, ரத்தினக்கல் எல்லாம் உண்டு. சிங்கப்பூரில் குடிக்கத் தண்ணீர் கூடப் போதாது. பக்கத்து நாடான மலேசியாவின் ஜொகூரில் இருந்து குழாயில் வாங்குகின்றனர்.

சரி, யார் பணக்காரர்? 2024 கணக்குப்படி, ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியை மக்கள் தொகையால் வகுத்தால், சிங்கப்பூரில் தலைக்கு சுமார் 90 ஆயிரம் டாலர். இலங்கையில் சுமார் 4,500 டாலர். அதாவது 20ல் ஒரு பங்கு!

ஒரு ஷூவில் இருக்கும் பாடம்

டாலர் ஏன் தேவை என்று முதலில் புரிந்து கொள்வோம். ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூ, ஜெர்மனிக்குப் போகிறது. அங்கிருந்து வெளிநாட்டுப் பணம் நம் நாட்டுக்குள் வருகிறது. அந்தப் பணத்தில் தான் நாம் பெட்ரோலுக்கான கச்சா எண்ணெய் வாங்குகிறோம். எண்ணெய் விற்கிறவர்கள் பெரும்பாலும் டாலர் தான் கேட்பர். ஆகவே, எந்த நாடாக இருந்தாலும் எதையாவது வெளியே விற்றால் தான், வேண்டியதை வெளியே இருந்து வாங்க முடியும்.

இலங்கைக்கு டாலர் கொண்டு வந்தவை முக்கியமாக நான்கு. தைத்த துணிகள், தேயிலை, சுற்றுலாப் பயணிகள், வெளிநாட்டில் வேலை செய்வோர் வீட்டுக்கு அனுப்பும் பணம். 2019 ஈஸ்டர் நாளில் சர்ச்சுகளிலும், ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. சுற்றுலாப் பயணிகள் பயந்தனர். மறு ஆண்டு கொரோனா வந்தது, அடியோடு நின்றது. இதற்கிடையில் அரசு, வரியைப் பெரிய அளவில் குறைத்து விட்டது. வரி குறைந்தால் மக்களுக்குச் சந்தோஷம் தான். ஆனால், கஜானா காலி! 2021ல் இன்னொரு விபரீதம். திடீரென்று ரசாயன உரத்துக்குத் தடை போட்டனர். இயற்கை விவசாயம் நல்லது தானே என்பீர்கள். நல்லது தான். ஆனால், ஒரு நாடு முழுவதும் ஒரே இரவில் மாற முடியுமா? நெல் விளைச்சல் சரிந்தது. தேயிலையும் அடி வாங்கியது. சில மாதங்களில் தடையைத் தளர்த்தினர். அதற்குள் நஷ்டம் நடந்து விட்டது.

2022 ஏப்ரலில், 'வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது' என்று இலங்கை அறிவித்தது. பெட்ரோல் பங்க்குகளில் நாள் கணக்கில் வரிசை. ஜூலை 9ம் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே நுழைந்து விட்டனர். அங்கிருந்த நீச்சல் குளத்தில் அவர்கள் குளித்ததை 'டிவி'யில் உலகமே பார்த்தது. ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சே முதலில் மாலத்தீவுக்கும், பிறகு இன்னொரு நாட்டுக்கும் ஓடினார். அந்த இன்னொரு நாடு எது தெரியுமா? சிங்கப்பூர்! அங்கிருந்து தான் ராஜினாமா கடிதத்தை அனுப்பினார்.

அந்த நேரத்தில் தமிழக அரசு 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் அனுப்ப முடிவு செய்தது. முதல் கப்பல் 2022 மே 18ல் சென்னையில் இருந்து கிளம்பியது.

சிங்கப்பூர் எதை விற்றது?

1965 ஆகஸ்ட் 9ல் மலேசியாவில் இருந்து சிங்கப்பூர் வெளியேற்றப்பட்டது. தனி நாடு கிடைத்தால் எல்லாரும் இனிப்பு கொடுப்பர். அங்கே பிரதமர் லீ குவான் யூ 'டிவி'யில் அழுதார்! நிலம் இல்லை, தண்ணீர் இல்லை, பிழைப்பது எப்படி என்ற கவலை.

அவர்களிடம் இருந்தது ஒரு துறைமுகம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே போகும் கப்பல்கள் மலாக்கா ஜலசந்தியைக் கடக்க வேண்டும். அதன் வாசலில் சிங்கப்பூர் உட்கார்ந்திருக்கிறது. கப்பலுக்கு வேண்டிய வசதிகளைச் செய்தனர். வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்துத் தொழிற்சாலை வைக்கச் சொன்னார்கள். சொந்தமாக ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. ஆனால், அடுத்தவர் எண்ணெயைச் சுத்திகரித்து விற்றுச் சம்பாதித்தனர். குடிசைகளுக்குப் பதில் அடுக்குமாடி வீடுகள் கட்டினர். இன்று சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அரசு கட்டிய வீட்டில் தான் இருக்கின்றனர்.

தோல் தொழில் பகுதியில் வாழும் நமக்கு இன்னொரு விஷயம் முக்கியம். சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக் கொண்டு தாண்ட வேண்டிய சாக்கடை. 1977ல் 'பத்து ஆண்டில் சுத்தம் செய்ய வேண்டும்' என்று கெடு வைத்தனர். பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, படகுகள், நடைபாதைக் கடைகள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றி, 1987ல் முடித்துக் காட்டினர். நம் பாலாற்றில் தோல் கழிவு கலப்பது பற்றி சுப்ரீம் கோர்ட் முக்கியமான தீர்ப்பு சொன்னது 1996ல். 2025 ஜனவரியில் அதே பிரச்னைக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

சண்டை போட்ட தீவு, சண்டையை நிறுத்திய தீவு

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இது தான். 1948ல் சுதந்திரம் பெற்ற இலங்கை, ஆசியாவில் நன்றாக இருந்த நாடுகளில் ஒன்று. ஆனால், அதே ஆண்டில் வந்த சட்டத்தால், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான தமிழர்கள் குடியுரிமை இல்லாமல் நின்றனர். 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் வந்தது. 1981ல் யாழ்ப்பாணம் நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் புத்தகங்கள் சாம்பல்! 1983 முதல் 2009 வரை போர். பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய பணம் குண்டு வாங்கப் போனது. உயிர்களுக்கு விலையே இல்லை.

சிங்கப்பூரிலும் 1964ல் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கலவரம் நடந்தது. அதன் பிறகு மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளையும் ஆட்சி மொழி ஆக்கினர். நூற்றுக்கு ஒன்பது பேர் தான் இந்தியர். ஆனாலும், ரயில் நிலைய அறிவிப்பில் தமிழ் உண்டு. அரசு அடுக்குமாடிகளில் எல்லா இனத்தவரும் கலந்து தான் வாழ வேண்டும் என்று 1989ல் விதியே போட்டனர்.

சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ்.ராஜரத்தினம், இலங்கையின் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். சிங்கப்பூர் மாணவர்கள் தினமும் காலையில் சொல்லும் உறுதிமொழியை முதலில் எழுதியவர் அவர் தான். ஒரு தீவில் பிறந்த மூளை, இன்னொரு தீவுக்குப் பயன்பட்டது!

அப்படியானால் சிங்கப்பூர் சொர்க்கமா?

அவசரப்படாதீர்கள். சிங்கப்பூர் ஒரு நகரம். இலங்கை, கிராமமும் மலையும் நிறைந்த நாடு. ஒரு நகரத்தையும் ஒரு நாட்டையும் தராசில் வைப்பதே பாதி நியாயம் தான்.

சிங்கப்பூரில் 1959 முதல் ஒரே கட்சி தான் ஆள்கிறது. அனுமதி வாங்காமல் ஊர்வலம் போக முடியாது. பையன்கள் 18 வயதானதும் இரண்டு ஆண்டு கட்டாயம் ராணுவம், போலீஸ் போன்ற பணியில் சேர வேண்டும். சூயிங்கம் விற்கக் கூடாது! ஆறாம் வகுப்பிலேயே ஒரு பெரிய பரீட்சை. அதற்கு டியூஷனோ டியூஷன். (இலங்கையில் ஐந்தாம் வகுப்பிலேயே புலமைப்பரிசில் பரீட்சை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு தீவும் ஒற்றுமை!)

நம் ஊர்களில் இருந்து போய் கட்டட வேலை செய்யும் அண்ணன்கள் எங்கே தங்குகின்றனர் தெரியுமா? ஒரே அறையில் பல பேர் படுக்கும் தொழிலாளர் விடுதிகளில். 2020ல் கொரோனா அந்த விடுதிகளில் தான் காட்டுத் தீ போல் பரவியது. சாதாரண வேலை அனுமதியில் போகிறவர், மனைவி, பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல முடியாது. அந்த வானளாவிய கட்டடங்களில் இவர்களது வியர்வையும் இருக்கிறது.

இலங்கையோ 1945 முதல் இலவசக் கல்வி தருகிறது, பல்கலைக்கழகம் வரை! அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியமும் இலவசம். ஏழை நாடாக இருந்தும் சராசரி ஆயுள் 77 ஆண்டுகளை ஒட்டி இருப்பதற்கு இதுவே காரணம். சிங்கப்பூரில் அது சுமார் 83. வருமானத்தில் 20 மடங்கு வித்தியாசம். ஆயுளில் ஆறு ஆண்டு தான்!

இனி?

2024ல் இலங்கை மக்கள் ஓட்டுப் போட்டுப் புதிய ஜனாதிபதியாக அனுர குமார திசநாயக்கவைத் தேர்ந்தெடுத்தனர். கொஞ்சம் எழுந்து நிற்கும் போது, 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. மலையகத்தில் நிலச்சரிவு; 600 பேருக்கு மேல் பலி. அதிகம் பாதிக்கப்பட்டவர்களில் தேயிலைத் தோட்டத் தமிழர்களும் உண்டு. நிறுத்தி வைத்த கடனின் அசலை, 2028ல் இருந்து இலங்கை திரும்பக் கட்டத் தொடங்க வேண்டும்.

சிங்கப்பூருக்கும் ஒரு தேதி காத்திருக்கிறது. ஜொகூர் தண்ணீருக்கான ஒப்பந்தம் 2061ல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க, கழிவு நீரையே குடிநீர் தரத்துக்குச் சுத்தம் செய்கின்றனர். கடல் நீரையும் நன்னீராக்குகின்றனர். இப்போது 10 வயதில் இருக்கும் உங்களுக்கு, அன்றைக்கு வயது 45 இருக்கும். பாலாற்றில் அப்போது எந்தத் தண்ணீர் ஓடும் என்பதையும் கொஞ்சம் யோசித்து எழுதி அனுப்புங்கள், குட்டீஸ்!