திறவுகோல் யார் கையில்?

கற்றல் குறைபாடுடையோரைப் பெருமருத்துவமனைகளினின்று சமூகத்துக்குக் கொணர வேண்டுமெனப் பிரித்தானிய அரசின் வெள்ளை அறிக்கை 1971இலேயே கூறிற்று. நாற்பதாண்டு கழிந்து, 2011இல், பிறிஸ்ரல் அருகே வின்ரர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில் அவர்கள் வதைக்கப்பட்டமையைத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. தகாதவாறு மருத்துவமனைகளில் வைக்கப்பட்டோர் 2014 ஜூனுக்குள் வெளியேறுவர் என்ற வாக்குறுதியும் பொய்த்தது.

கட்டடத்தை மாற்றினாற் போதுமென்போர் அடிப்படையை உணரார். பராமரிப்பு இல்லத்தில் உறைவிடமும் உதவியும் ஒரே கையில் உள்ளன. பணியாளரைக் குறைகூறுபவர் படுக்கையையும் இழக்க அஞ்சுவார். துணையுடன் தனிவீட்டில் வாழும் முறையிலோ வாடகை ஒப்பந்தம் அவர் பெயரிலேயே உண்டு. உதவி வழங்கும் நிறுவனத்தை நீக்கினும் வீடு நிலைக்கும். பழைய இல்லத்தின் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு, யார் யாருடன் வாழ்வதென மேற்பார்வையாளரே முடிவு செய்வாராயின் அது சீர்திருத்தமன்று, ஏமாற்று.

செலவு மிகுமென்பர். வின்ரர்போர்ன் வியூவில் ஒருவருக்கு வாரமொன்றுக்குச் சராசரி 3,500 பவுண் செலுத்தப்பட்டதே!