சுருளில் ஏறும் சரக்கு

பெங்களூரு சிக்பேட்டையின் சந்துகளில் சரக்குப் போக்குவரத்தின் பழைய பாடத்தை இன்றும் பார்க்கலாம். லாரி நுழைய முடியாத குறுகலான தெரு. கீழே கடை, மேலே மாடியில் குடோன். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய செங்குத்தான படிக்கட்டு. தலையில் சும்மாடு, அதன்மேல் ஜவுளி மூட்டை, ஒரு கை மூட்டையில், மறு கை சுவரில். கன்னடத்தில் ஹமாலி என்று அழைக்கப்படும் சுமைக் கூலித் தொழிலாளி ஏறுகிறார். இறங்க வேண்டியவர் மேலேயே காத்திருக்கிறார். ஒரே வழி, ஒரு நேரத்தில் ஒருவர்.

நகரின் ஓரங்களுக்குப் போனால் காட்சி மாறுகிறது. ஹொசகோட்டே, மாலூர், நெலமங்களா, தாபஸ்பேட்டை, தமிழக எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளி என்று பெங்களூருவைச் சுற்றி ஒரு வளையமாகக் கிடங்குகள் எழும்பியிருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்க அவை ஜன்னலில்லாத பிரம்மாண்டமான தகரப் பெட்டிகள். பெரிய கிடங்குகளுக்கு உள்ளே இரும்புத் தளங்கள் இரண்டு, மூன்று அடுக்குகளாக நிற்கின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் அலமாரி வரிசைகள். இங்கேயும் கேள்வி சிக்பேட்டையின் கேள்விதான்: மேலே இருப்பது கீழே வருவது எப்படி? கீழே வந்தது மேலே போவது எப்படி?

நவீன கிடங்குகள் பலவற்றில் இதற்கான பதில், தரையிலிருந்து கூரையை நோக்கி முறுக்கிக்கொண்டு எழும் ஓர் இரும்புச் சுருள். ஸ்பைரல் கன்வேயர் என்பது அதன் பெயர். நடுவில் ஒரு தூண். அதைச் சுற்றி வளைந்து ஏறும் தடம். தடத்தில் ஓயாமல் நகரும் தகடுகள். அட்டைப் பெட்டி ஒன்று கீழே ஏறி, ஐந்தாறு சுற்றுச் சுற்றி, மேல் தளத்தில் அமைதியாக இறங்கிக்கொள்கிறது. மோட்டாரைத் திருப்பி ஓட்டினால் அதே சுருள் சரக்கை இறக்கவும் செய்யும்.

இந்தச் சுருளுக்கான தேவை திடீரென்று முளைத்ததல்ல. 2007-ல் பெங்களூருவில் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கியபோது அது புத்தகங்களை விற்கும் இணையக் கடை. 2014 அக்டோபர் 6-ல் அந்நிறுவனம் தனது முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையை நடத்தியபோது ஒரே நாளில் குவிந்த ஆர்டர்களைத் தாங்க முடியாமல் இணையதளமே திணறியது. வாங்கும் பழக்கம் மாறிவிட்டது என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. மறுபக்கம் வரி. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை, மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கவே நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வைத்திருந்தன. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் போனது. சிதறிக் கிடந்த சின்ன குடோன்களின் சரக்கு சில பெரிய கிடங்குகளில் வந்து சேரத் தொடங்கியது.

பெரிய கிடங்குக்குப் பெரிய நிலம் வேண்டும். பெங்களூருவைச் சுற்றி நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. 12 மீட்டர் உயரமுள்ள கிடங்கில் சட்டை, செருப்பு, செல்போன் உறை போன்ற சின்னச் சாமான்களைத் தரையில் மட்டும் அடுக்கினால், மேலே காலியாகக் கிடக்கும் காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுப்பதாகிவிடும். எனவே உள்ளேயே அடுக்குகள் கட்டுகிறார்கள். இப்படிக் கிடைக்கும் இடத்தை வீணாக்காமல் சரக்கை மேலும் கீழும் கொண்டுபோக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது சரக்கு லிஃப்ட். பெரும் பாரத்தைத் தூக்கும். ஆனால் அது பஸ் மாதிரி: நிரம்பக் காத்திருக்க வேண்டும், போய்த் திரும்பும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். ஒரு தள்ளுவண்டியில் 20 பெட்டிகள், போய்வர 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 600 பெட்டி. இரண்டாவது, சாய்வாக ஏறும் பெல்ட். இது நிற்காமல் ஓடும். ஆனால் சாய்வு அதிகமானால் பெட்டி சறுக்கும். 15 டிகிரி சாய்வில் 6 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால் பெல்ட் தரையில் 22 மீட்டருக்கு மேல் நீண்டுவிடும். அலமாரிகள் நிற்க வேண்டிய இடத்தை அதுவே தின்றுவிடும்.

மூன்றாவதுதான் சுருள். அந்த நீண்ட சாய்வைச் சுருட்டி நிமிர்த்தி வைத்ததுபோல அது நிற்கிறது. தடத்தின் நடுவில் அளந்தால் 2 மீட்டர் விட்டமும் 10 டிகிரி சாய்வும் உள்ள சுருள், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர் ஏறும். 6 மீட்டருக்கு ஐந்தரைச் சுற்று போதும். பெட்டி பயணம் செய்யும் தூரம் சுமார் 35 மீட்டர். ஆனால் தரையில் அது பிடிக்கும் இடம் ஒரு சின்னப் படுக்கையறை அளவுதான். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில், மீட்டருக்கு ஒரு பெட்டி என்று அனுப்பினால் மணிக்கு 1,800 பெட்டிகள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

சத்தியமங்கலத்திலிருந்து கர்நாடகத்துக்கு லாரி ஓட்டுபவர்களுக்கு இந்தத் தத்துவத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் இதே கணக்குதான்: நேராக ஏற முடியாத உயரத்தைச் சுற்றி வளைத்து ஏறுவது. வளைவின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு என்று தெரிந்துதான் பாரம் ஏற்றிய லாரியை டிரைவர் அகலமாக ஒடித்துத் திருப்புகிறார். சுருளிலும் அப்படியே. உள்விளிம்பில் சாய்வு அதிகம், வெளிவிளிம்பில் குறைவு. அதனால்தான் சுருளைக் குறுக்கிக்கொண்டே போக முடியாது.

வளைவில் தகடுகள் எப்படி மடங்காமல் ஓடுகின்றன? விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தவர்கள் விடையைப் பார்த்திருப்பார்கள். சுற்றிவரும் அந்த மேடையில் தகடுகள் திருப்பத்தில் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி விசிறிபோல விரிந்து சுருங்கும். சுருளில் உள்ள தகடுகளும் அந்த ஜாதிதான். அவை ஒரு சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கின்றன. வளைவில் இழுபடும் சங்கிலி உள்பக்கச் சுவரை உரசும் என்பதால் அங்கே சின்ன உருளைகளை வைத்து உராய்வைக் குறைக்கிறார்கள். மேலே போன தகடுகள் அடிவழியாகக் கீழே திரும்பி வருகின்றன. இறங்கும் தகடுகளின் எடை ஏறும் தகடுகளின் எடைக்கு ஈடாகிவிடுவதால் மோட்டார் சுமக்க வேண்டியது சரக்கையும் உராய்வையும் மட்டுமே. ஒரு சுருளுக்கு ஒரு மோட்டார் போதுமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

யோசனை புதிதல்ல. ஆர்க்கிமிடீஸ் பெயரால் அறியப்படும் தண்ணீர் இறைக்கும் திருகு 2,000 ஆண்டுகளுக்கு முந்தையது. 1780-களில் அமெரிக்காவின் ஆலிவர் எவன்ஸ் தனது மாவு ஆலையில் தானியத்தையும் மாவையும் மனிதக் கை படாமல் நகர்த்தத் திருகுகளையும் வாளிச் சங்கிலிகளையும் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிடங்குகளில் சுருள் சறுக்குகள் இருந்தன. பூங்காவில் குழந்தைகள் சறுக்குவதுபோல மூட்டைகள் அவற்றில் சறுக்கி இறங்கின. ஆனால் சறுக்குமரம் இறக்க மட்டுமே உதவும். ஏற்றுவதற்கு நகரும் தகடு வர வேண்டியிருந்தது.

சுருளால் முடியாதவையும் நிறைய. அரிசி மூட்டை தகட்டின்மேல் ஒழுங்காக உட்காராது. ஒடுங்கி உயர்ந்த பெட்டி கவிழும். மெல்லிய பாலிதீன் உறை இடுக்கில் சிக்கும், எனவே அதைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு பெட்டி சிக்கிக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். சங்கிலி அறுந்தால் அந்த மாடியே முடங்கும். சுருள் வைத்தவர்களும் சரக்கு லிஃப்ட்டைக் கைவிடாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

அதைவிடப் பெரிய ஆபத்து நெருப்பு. சுருள் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு தளத்திலும் ஓர் ஓட்டை போட வேண்டும். சரக்குக்குத் திறந்த வழி புகைக்கும் திறந்த வழிதான். அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக்கும் நிறைந்த கிடங்கில் கீழ்த்தளத்துப் புகை சில நிமிடங்களில் மேல்தளத்தை மூடிவிடும். அந்த ஓட்டையில் தீத்தடுப்புக் கதவு வேண்டும். கதவு இறங்கும் நேரத்தில் அதன் அடியில் பெட்டி ஏதும் நிற்காதபடி இயந்திரம் முதலில் அதை நகர்த்திவிட வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர்த் தெளிப்பான் வேண்டும். மேல் அடுக்கில் நிற்பவர்கள் இறங்க, சாமான் அடைக்காத தனிப் படிக்கட்டு வேண்டும். சுருள் ஒருபோதும் மனிதர்களுக்கான வழியல்ல.

மனிதர்களின் கணக்கு தனி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ பெட்டியுடன் 6 மீட்டர் ஏறும்போது உண்மையில் தூக்குவது 80 கிலோ. அவரது உழைப்பில் முக்கால் பங்கு தன் உடம்பைத் தூக்கவே செலவாகிறது. பிறகு வெறுங்கையோடு இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதே பெட்டியை 6 மீட்டர் உயர்த்தத் தேவையான சக்தியை மட்டும் கணக்கிட்டால், ஒரு யூனிட் மின்சாரத்தில் 3,000 பெட்டிகளை ஏற்றலாம். உராய்விலும் மோட்டாரிலும் வீணாவது பல மடங்கு என்றாலும் செலவு சொற்பம்தான். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வந்த அதிகபட்ச எடை பற்றிய ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றது 2010-ல். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் தேய்ந்த முழங்கால்களுக்கும் முதுகுகளுக்கும் கணக்கு ஏது?

அந்த வகையில் சுருள் ஒரு கருணை. ஆனால் அது முழுக்கக் கருணை மட்டுமல்ல. படிக்கட்டில் ஏறும் ஹமாலி, மூச்சு வாங்கினால் நடுப்படியில் நிற்கலாம். நகரும் தகடு நிற்பதில்லை. அலமாரிகளுக்கிடையே கையில் ஸ்கேனருடன் ஓடிப் பொருளை எடுத்துக் கூடையில் போடும் தொழிலாளியின் வேகத்தை இப்போது இயந்திரத்தின் பசி தீர்மானிக்கிறது. சுமை குறைந்திருக்கிறது, அவசரம் கூடியிருக்கிறது. பண்டிகைக்கால விற்பனையின்போது தற்காலிகமாகச் சேர்க்கப்படுகிறவர்களுக்கு இது இன்னும் கடினம்.

பைக்கில் பொருளைக் கொண்டுவந்து வீட்டில் தருபவருக்காகக் கர்நாடக அரசு 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அவருக்குத் தரப்படும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணமாக நிறுவனம் செலுத்த வேண்டும். வாசலுக்கு வருபவர் கண்ணில் படுகிறார். ஒப்பந்தக்காரரின் கீழ் ஜன்னலில்லாத கிடங்கில் நிற்பவர் படுவதில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலைக்கான நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்குகிறது. அந்தக் கடிதம் மூன்றாவது அடுக்கில் நிற்பவரின் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

மாலூர் கிடங்குகளுக்கு அருகே போகும் ரயில் பாதை கோலார் தங்கவயலுக்கும் இட்டுச் செல்கிறது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டதே அந்தச் சுரங்கங்களுக்காகத்தான். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து இயந்திரங்கள் பாறையை மேலே இழுத்தன. கூண்டில் இறங்கிப் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து தங்கவயல்காரர்கள் பிழைப்புக்காக விடியற்காலை ரயிலில் பெங்களூரு பக்கம் போய் இரவில் திரும்புகிறார்கள். சரக்கை ஏற்றி இறக்கும் இயந்திரம் எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், அதனருகே நின்றவர்களின் நுரையீரலுக்கும் எதிர்காலத்துக்கும் அது பொறுப்பேற்காது என்பதை அந்த ஊர் அனுபவத்தில் அறிந்திருக்கிறது.

சிக்பேட்டையின் படிக்கட்டுகளில் சுருள் வரப்போவதில்லை. அதற்கு அங்கே இடமும் இல்லை, கூரை உயரமும் இல்லை. மூட்டை அங்கே தலையில்தான் ஏறும். ஊருக்கு வெளியே அது சுருளில் ஏறும். இரண்டு இடத்திலும் பொருளை வாங்குபவருக்குத் தெரிவது விலை மட்டும்தான்.