மணி பிளான்ட்டுக்கு வேண்டியது வெளிச்சம்

வீட்டுக்குள் வைத்த மணி பிளான்ட் வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். பல செடிகள் சாவது அதனால்தான். செடிக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பதை அதன்மேல் விழும் வெளிச்சமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உச்சிவெயிலில் வெட்டவெளியில் 1,00,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும் வெளிச்சம், ஜன்னலைவிட்டுத் தள்ளிய கூடத்து மூலையில் சில நூறாகக் குறைந்துவிடும். நம் கண் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் இலையில் உணவு தயாரிப்பு குறைகிறது, நீர் ஆவியாவதும் குறைகிறது, ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே தங்குகிறது. மண்ணில் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் நிறைந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே இலை தொங்குவது இப்படித்தான்.

பாட்டில் தண்ணீரிலேயே இந்தக் கொடி வளர்கிறதே என்று கேட்கலாம். அங்கே புதிதாக விடும் வேர், தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டு வாழப் பழகியது; அந்தத் தண்ணீரையும் அவ்வப்போது மாற்றுகிறோம். நீர் தேங்கிய தொட்டி மண்ணிலோ, இருக்கிற ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. நிழலில் வளரும் செடிதானே என்பது இன்னொரு வாதம். பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியா தீவைச் சேர்ந்த இக்கொடி, மரத்தைப் பற்றி ஏறி வெளிச்சத்தை எட்டும் இனம். நம் ஊரிலேயே மரமேறிய கொடியைப் பாருங்கள்: இலை முறம்போல் அகன்று, ஓரம் கிழிந்திருக்கும். இருட்டறையில் அதே கொடிக்கு உள்ளங்கையளவு இலை, நீண்ட கணு இடைவெளி, மங்கிய மஞ்சள் வரி. நிழலைத் தாங்குவது வேறு, தழைப்பது வேறு.

கோடையில் தினமும் ஊற்றாவிட்டால் காய்ந்துவிடாதா? வெயில் படும் பால்கனியில் காயலாம்; ஏ.சி. அறையின் மூலையில் அதே அளவு தண்ணீர் கேடு. ஆகவே நர்சரிக்காரர்கள் "வாரம் இரண்டு முறை" என்று எல்லோருக்கும் ஒரே கணக்குச் சொல்வதை விட்டுவிட்டு, எந்த ஜன்னலருகே வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். காலை இளவெயில் வரும் கிழக்கு ஜன்னல் நல்லது. உச்சிவெயில் நேரே பட்டால் இலை கருகும். கோகோபீட் கலவை மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் என்பதால் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். அடியிலைகள் மஞ்சளாகி மண் நாறினால் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். பழுப்பேறிக் கொழகொழத்த வேரை வெட்டியெறிந்து, நல்ல கணுவுள்ள தண்டைப் புது மண்ணில் நட்டால் பிழைக்கும்.